பொம்மைக்கு மட்டும் சேலை

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு துணிக்கடைப் பொம்மை. நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் அது சேலை கட்டி நின்றது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் நைட்டியில் இருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "ஆக்டிவிட்டிங்க" என்றார்கள்.

முதல் தொடக்கம்: சித்தேரி மலையில் சாமை விதைத்த அந்தக் கைகள் இன்று

(வேண்டாம். அழுகை வருகிறது.)

இரண்டாவது: அந்த இல்லத்து முனியாயிக்குத் தன் சேலையைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

2

அதிலென்ன சிரமம்? விளக்குகிறேன். சேலை கட்ட நேரமாகும். இட்லி ஆறுவதற்குள் எல்லாரும் தயாராக வேண்டும். ஆகவே பணிப்பெண் மேனகா தலைவழியே நைட்டியை மாட்டிவிடுவாள். தானே உடுத்தாத கை, உடுத்துவதை மறக்கும். மறந்த கைக்கு இல்லம் பயிற்சி தரும். பயிற்சிக்குப் பொம்மை. (நோயும் மருந்தும் ஒரே கட்டடத்தில்!)

"கையத் தூக்கு ஆயா."

"நானே கட்டிக்கறன், வுடு."

"நீ தடுக்கி வுழுந்தா சார் என்னையத் திட்டுவாரு. சாயங்காலம் பொம்மைக்குக் கட்டிக்க."

(மேனகாவைக் கெட்டவளாக்கப் பார்த்தேன். கூடம் முழுவதற்கும் அவள் ஒருத்தி. முடியவில்லை.)

3

சுயசார்பு விழா. பொம்மைக்குச் சேலை கட்டும் போட்டி. சேலை, முனியாயியின் பெட்டியிலிருந்து எடுத்ததுதான். மடிப்பெல்லாம் ஒரே அளவு. முதல் பரிசு அவளுக்கே.

"தன் வேலையத் தானே செய்யறதுல முனியாயி ஆயாவ அடிச்சுக்க ஆளில்லைங்க!" என்று மேலாளர் சரத் மைக்கில் முழங்கினார்.

பரிசு, புது நைட்டி.

(மிகையாகத் தெரிகிறதா? சோப்பு டப்பா என்று மாற்றிப் பார்த்தேன். சரத் ஒத்துக்கொள்ளவில்லை.)

4

எல்லாரும் டீக்குப் போனார்கள். முனியாயி பொம்மையிடமிருந்து சேலையை வாங்கிக்கொண்டு, பரிசை அதன் தலைவழியே மாட்டினாள். "கையத் தூக்கு ஆயா" என்றாள் அதனிடம்.

பெட்டியிலிருந்து பாவாடை, ரவிக்கை. பிறகு சேலை. கவனியுங்கள்: சுற்றும்போது இடுப்பு திரும்பும், முந்தானையை வீசத் தோள் எழும், மடிப்பு எடுக்க விரல்கள் விழிக்கும். எந்த ஆக்டிவிட்டியிலும் இவ்வளவு இல்லை. நடுவில் ஒருமுறை தடுமாறி, பொம்மையின் தோளைப் பிடித்தாள். அது அன்றுதான் ஒரு வேலை செய்தது.

5

வாசலில் காவலாளி கோவிந்தன், வேலைக்குப் புதிது. நைட்டி என்றால் உள்ளே இருப்பவர், சேலை என்றால் பார்க்க வந்தவர்: அவர் கற்றது அவ்வளவே. எழுந்து நின்றார்.

"பாத்துட்டீங்களாம்மா? உள்ளார யாருங்க உங்களுக்கு?"

"முனியாயின்னு ஒருத்தி."

"எப்பிடி இருக்காங்க?"

"இன்னிக்கித் தேவல."

கேட்டைத் திறந்துவிட்டார். தர்மபுரி பஸ் ஆரன் அடித்துக்கொண்டு வந்தது.

முடிவு ஒன்று: அவள் பஸ் ஏறி

முடிவு இரண்டு: திரும்பி வந்து, சேலையோடு சாப்பாட்டு வரிசையில், எல்லார் கண்ணெதிரிலும்

இரண்டையும் எழுதிப் படித்தேன். இரண்டிலும் "கையத் தூக்கு ஆயா" என்று என் குரலே கேட்டது. கையை எடுத்துக்கொண்டேன்.

கேட் திறந்திருக்கிறது. அவள் நின்று மடிப்பைச் சரிசெய்கிறாள். நேரமாகும். நீங்களும் உதவப் போய்விடாதீர்கள்.