முருகையாவின் புத்தித் தெளிவு

ஞாயிற்றுக்கிழமை லீவை எடுத்துவிட்டு, நிலாக் கணக்கில் வரும் பௌத்தப் போயா நாட்களை வார விடுமுறையாக்கியிருந்த காலம். எங்கள் நமுனுகுல தோட்டத்தில் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

லொறி டிரைவர் முருகையா ஒரே மாதத்தில் இரண்டாம் தடவை மதகுச் சுவரில் உரசியதும் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை உத்தரவு போட்டார். டிரைவர்மாரின் புத்தித் தெளிவை டாக்டரையா சோதிக்க வேண்டும். தவறினால் முருகையாவின் கையில் சாவிக்குப் பதில் மண்வெட்டி. முடிவை எழுதும் வேலை கிளாக்கரான எனக்கு.

டிஸ்பென்சரியில் முதலில் ஜீப் டிரைவர் அழகர்.

"இன்னைக்கு என்ன கிழமை?" என்றார் டாக்டரையா.

அழகர் நிமிர்ந்து பார்த்து, "புதனுங்க" என்றார். பாஸ்.

அடுத்து வந்த முருகையா, "வெள்ளிக்கிழமைங்க" என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்னாங்க இருக்கு? வெள்ளிதான்."

வாசலில் நின்ற அழகர் சிரித்தார். "ஏண்ணே, லொறி மட்டுந்தான் உரசுச்சா, மண்டையுமா?"

"நீ சும்மா இருடா. ஐயா, பகல் பதுளையில ஸலீம் முதலாளி கடைய மூடிட்டு ஜும்மாவுக்குப் போயிட்டாரு. ஆணி வாங்காம வெறுங்கையோட வந்தேன். புதன்கிழமை யாருங்க ஜும்மா தொழுவா?"

டாக்டரையா திரும்பிப் பார்த்தார். அவர் தலைக்குப் பின்னால் சுவர்க் கலண்டரில் உள்ளங்கை அகலத்துக்குப் 'புதன்' என்றிருந்தது. நேற்று போயா, டிஸ்பென்சரி பூட்டு. தாளை யாரும் கிழிக்கவில்லை. அவர் எழுந்து இரண்டு தாள்களைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கிளாக்கர், முருகையாவுக்குப் புத்தி தெளிவுன்னு எழுதுங்க."

"அழகருக்குங்க?"

"கண்ணு தெளிவுன்னு எழுதுங்க."

எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. "முருகையா, எதிர்லயே இம்புட்டுப் பெரிய எழுத்து. நீங்க பாக்கலையா?"

"எந்த எழுத்துங்க?"

டாக்டரையா கலண்டரைத் தட்டிக் காட்டினார்.

"அதுங்களா? ஜன்னல்னு நெனச்சேன்."

சான்றிதழில் இன்னொரு வரி சேர்ந்தது: கண்ணாடி போடும்வரை சாவி ஆபீசில்.

மூன்று வாரம் கழித்து முருகையா புதுக் கண்ணாடியோடு வந்து சாவியை வாங்கிக்கொண்டார். லொறியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அடேய் அழகரு! நான் இல்லாத நேரம் பாத்து எவன்டா வண்டிய இப்பிடிக் கீறி வச்சது?"