வாய் தவறி வந்த அம்மா

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பள்ளிக்கூடமே சொல்லும். சொல்லட்டும். இரண்டாம் வகுப்பு வாண்டுகளைக் காலையிலிருந்து மாலை வரை கட்டி மேய்த்துப் பார்த்தால் தெரியும்.

அந்த வாண்டுகளில் ஒருத்திக்கு நான் வைத்த பெயர் ரேடியோ. பையைக் கழற்றும்போதே ஒலிபரப்பு ஆரம்பமாகிவிடும். வீட்டில் பல்லி விழுந்தது, அப்பாவின் தையல் மிஷினில் ஊசி உடைந்தது, எல்லாம் எனக்கு வந்து சேரும். அவள் அம்மா வேறு ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதும், மாதக் கடைசி சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவாள் என்பதும் அப்படித் தெரிந்ததுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை கழித்தல் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். ரேடியோ கையைத் தூக்கி, "அம்மா, பென்சில் முனை ஒடஞ்சிருச்சு" என்றாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "டீச்சரை அம்மான்னுட்டா!" என்று ஒருவன் மேசையைத் தட்டினான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எவன்டா அது பல்லைக் காட்டுறது? உங்க வாயில எல்லாம் தப்பே வராதா?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பும் அடங்கிவிட்டது. பென்சிலைச் சீவிக் கொடுத்தேன். பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ரேடியோவில் சத்தமே இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. எது கேட்டாலும் தலையாட்டல்தான். மதியம் டிபன் பாக்ஸைத் திறப்பாள், பார்ப்பாள், மூடிவிடுவாள். அப்பாவை வரச்சொன்னேன்.

"வீட்லயும் இப்படித்தான் டீச்சர். சரியா தூங்குறதுகூட இல்ல. அவங்கம்மாவும் இந்த மாசம் வரமுடியல. எனக்கு என்ன பண்றதுன்னே புரியல" என்று அந்த மனுஷன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது.

பிள்ளைகள் சிரித்ததில் வெட்கப்பட்டுப் போய்விட்டாள், வேறென்ன என்று நானே முடிவு கட்டினேன். வெட்கத்தைப் போக்க ஒரு வழியும் கண்டுபிடித்தேன்.

எங்கள் தலைமையாசிரியர் என்னைவிட வயதில் சின்னவர். ஆனால் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அவரைப் பார்த்து, "அப்பா, பிள்ளைங்க எல்லாரும் வந்தாச்சு. ஆரம்பிக்கலாமா?" என்றேன்.

மைதானமே ஸ்தம்பித்தது. "ஐயோ சார், வாய் தவறிருச்சு!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. "சரி பாப்பா, ஆரம்பி" என்றார்.

அப்பப்பா, அந்தச் சிரிப்பு! ஆசிரியர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ரேடியோ மட்டும் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழாத குறை.

வாரம் ஒருமுறை பிள்ளைகளிடம் பேச ஒரு மனநல ஆலோசகர் வருவார். சின்னப் பெண். அவளிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்கக்கா. ஆனா வெட்கம்னு சொன்னது நீங்க. அவ என்ன சொன்னா?"

"தொண்டை வத்தக் கேட்டாச்சும்மா! சொன்னாத்தானே?"

"கேக்காதீங்க. சும்மா பக்கத்துல போய் உக்காருங்க."

சும்மா உட்காருவதா? என்னிடம் போய்ச் சொல்கிறாள் பாருங்கள்! இருந்தாலும் மதிய இடைவேளையில் ரேடியோவின் பக்கத்தில், முட்டி தாடையில் இடிக்கும் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, வகுப்புக் கலர் பென்சில்களைச் சீவ ஆரம்பித்தேன். கேள்வி நாக்கு நுனிவரை வந்து வந்து நின்றது. முழுங்கினேன். அவளும் ஒரு பென்சிலை எடுத்தாள்.

"டீச்சர், அம்மாவுக்குக் கேட்டிருக்குமா?"

"எது கண்ணு?"

"நான் உங்கள அம்மான்னு கூப்பிட்டது. கேட்டிருக்கும். அதான் மறுநாள் வரல. இனிமே வரவே மாட்டாங்க."

இத்தனை நாளும் இந்தப் பொடிசு இதைத் தனியாகவா வைத்துக்கொண்டு திரிந்தது? அப்படியெல்லாம் இல்லை என்று நான் சொன்னால் நம்பமாட்டாள். சொல்ல வேண்டியவள் சொல்ல வேண்டும். அவள் அப்பாவிடம் நம்பர் வாங்கி, ஆஸ்பத்திரியில் வேலையிலிருந்த அம்மாவைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

"அவகிட்ட குடுங்க டீச்சர்."

ஸ்பீக்கரைப் போட்டுக் கொடுத்தேன்.

"பட்டு, அம்மாவுக்கு லீவு கிடைக்கலடா. அதான் வரல. இங்க ஒரு கூத்து கேளு. நேத்து ஒரு தாத்தா மாத்திரை முழுங்கமாட்டேன்னு ஒரே அடம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'வாயத் தொற பட்டு'ன்னுட்டேன்!"

ரேடியோவின் கண் விரிந்தது. "தாத்தாவையா?"

"ஆமா! இவ்ளோ பெரிய மீசை வேற."

"அவரு திட்டினாரா?"

"சமத்தா வாயத் தொறந்தாரு."

குபீரென்று சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. "அப்ப நான்?"

"நீதான்டி பட்டு. நாள் முழுக்க உன்னையே நெனச்சிட்டிருந்தா வாயில வேற என்ன வரும்? உனக்கும் அதான் ஆச்சு."

அவ்வளவுதான், மடை திறந்தது. இத்தனை நாள் செய்தியும் ஒரே மூச்சில் போனது, தலைமையாசிரியர் எனக்கு அப்பாவானது உட்பட. முடித்துவிட்டு, "அம்மா உங்ககிட்ட பேசணுமாம்" என்று போனை என் கையில் திணித்துவிட்டு டிபன் பாக்ஸை இழுத்தாள். வாய் நிறையச் சோற்றை அடைத்துக்கொண்டாள்.

நான் ஜன்னல் ஓரமாகப் போனேன்.

"டீச்சர், மறுபடி எப்பவாவது அவ உங்கள அப்படிக் கூப்பிட்டா, தப்புன்னு சொல்லிராதீங்க." அவள் குரல் உடைந்தது. "என்னம்மான்னு கேட்டுருங்க. நான் அங்க இல்லல்ல."

இதை நீ சொல்ல வேண்டுமா என்று அவளையும் ஒரு சத்தம் போடத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.