செல்லுக்கு வந்த காய்ச்சல்

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதுவது அவர் வேலை. ஊரே அவரை மீட்டர்காரர் என்றுதான் கூப்பிடும். வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்குள் சளிக்காய்ச்சல் நுழையும். அவருக்கு இரண்டு தும்மலோடு போய்விடும். மனைவியை ஒரு வாரம் படுக்கையில் தள்ளிவிடும். ஒரே வீடு, ஒரே காற்று, எனக்கு வராதது உனக்கு மட்டும் எப்படி வரும், எல்லாம் நடிப்பு என்று பதினேழு வருடமாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள்.

ஒருநாள் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மீட்டர் பார்க்கப் போனபோது, வாசலில் ஓர் அறிவிப்பைப் படித்தார். ஒரே வைரஸ் ஒருவரை உலுக்கி எடுத்துவிட்டு இன்னொருவரைச் சும்மா விடுவது ஏன் என்று கண்டுபிடிக்க, ஒரே வீட்டில் வாழும் தம்பதிகள் தேவையாம். மனைவியின் சாயம் இதோடு வெளுத்துவிடும் என்று அவருக்கு ஒரே குஷி. அவளையும் அழைத்துப்போய் ரத்தம் கொடுத்தார்.

ஆராய்ச்சியாளர் பொறுமையான பெண்மணி. ரத்தத்தில் உள்ள செல்லை ஸ்டெம் செல்லாக, அதாவது எதுவாகவும் வளரக்கூடிய பச்சைக்குழந்தைச் செல்லாக மாற்றுவோம். அதிலிருந்து ஒரு கண்ணாடித் தட்டில் நுரையீரல் செல் வளர்த்து, அதன்மேல் வைரஸை விடுவோம் என்றார். காய்ச்சலில் படுக்கப்போவது நீங்கள் அல்ல, உங்கள் செல்தான் என்று தைரியமும் சொன்னார்.

எட்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். மீட்டர்காரரின் செல்கள் கொழுகொழுவென்று இருந்தன. மனைவியின் செல்கள் இரண்டே நாளில் கூண்டோடு காலி. அவர் பெருமையோடு திரும்பினால், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பதினேழு வருஷமா நடிக்கிறேன்னு சொன்னீங்களே. தட்டுல கெடக்குற செல்லுக்கு நடிக்கத் தெரியுமா?"

செத்த செல்களின் படத்தை அவள் கேட்டு வாங்கி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். வீட்டுக்கு வந்த நாத்தனார் அதன் முன் கைகூப்பிவிட்டு, தவறிப்போனது யார் என்று அண்ணனிடம் மெல்ல விசாரித்தாள்.

அடுத்த மாதம் மீட்டர்காரருக்கே காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. மனைவி நெற்றியைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. உங்கள் செல்தான் குத்துக்கல் மாதிரி இருக்கிறதே, கிளம்புங்கள் என்று சாப்பாட்டுப் பையை நீட்டிவிட்டாள்.

அவர் நடுங்கிக்கொண்டே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய், தன் செல்லைச் சாட்சி சொல்ல வைக்கும்படி கெஞ்சினார். ஆராய்ச்சியாளர் அவரை எட்டவே நிற்க வைத்து, இது வேறு வைரஸாக இருக்கும், ஒன்றைத் தாங்குகிற உடம்பு எல்லாவற்றையும் தாங்காது என்றார். பிறகு ஆராய்ச்சியாளருக்கே ஆர்வம் தாங்காமல், மீட்டர்காரர் மூக்கில் பஞ்சுக்குச்சியை விட்டுச் சளி எடுத்து, அதிலிருந்த வைரஸை இருவர் செல்லிலும் விட்டுப் பார்த்தார்.

முடிவு வர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் காய்ச்சல் போய், மீட்டர்காரர் நான்கு மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். இந்த முறை செத்துக்கிடந்தவை அவருடைய செல்கள். அவளுடையவற்றுக்கு ஒன்றுமே ஆகவில்லை. படத்தை வாங்கிப் பார்த்த மனைவியின் முகம் வாடிப்போனது.

"இந்த ஒடம்போடயா வேலைக்கு அனுப்பினேன்? படுங்க மொதல்ல."

"இப்ப எனக்கு ஒண்ணுமில்லம்மா."

"படுங்கன்னு சொல்றேன்ல."

அவளுக்கு ஒரு வாரம் என்றால் அவருக்கும் ஒரு வாரம்தான். ஐந்து வாரத்துக்கு முந்தைய காய்ச்சல் காரணமாக என்று அவர் விடுப்புக் கடிதம் எழுதினார். அவர் அதோடு இணைத்திருந்த படத்தைப் பார்த்து அதிகாரி முகம் சுளித்து, உடனே கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் வெட்கமாக இருந்தது. இரண்டாம் நாள் நன்றாகத் தூங்கினார். மூன்றாம் நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சூப்பை ஊதி ஊதிக் கொடுத்தபோது, அவர் குடிக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ படுத்தப்பெல்லாம் நான் ஒரு டம்ளர் சுடுதண்ணி கூட வெச்சுக் குடுத்ததில்ல."

"தெரியும்," என்றாள் அவள். "ஆறிடப்போகுது. வாயைத் தொறங்க."