ஆடுகள் – நாற்பது

லாரியின் பின்கதவைத் திறந்ததும் முதலில் இறங்கிய ஆட்டைப் பார்த்தபோதே பூங்காப் பிரிவு மேற்பார்வையாளருக்குத் தப்பு நடந்துவிட்டது புரிந்தது. செம்மறி. அடுத்ததும் செம்மறி. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, நாற்பதும் செம்மறி! கால்வாய்க்கரைச் சரிவு முழுக்க ஆள் உயரத்துக்கு முட்புதர் மண்டிக் கிடக்கிறது. செம்மறி குனிந்து புல்லைத் தின்னும். பின்னங்காலில் எழும்பி நின்று முள்ளுக்குள் வாயை விட்டு உருவுகிற வேலை வெள்ளாட்டுடையது.

"என்னம்மா இது?"

"ஆடு மேடம்," என்றாள் ஆட்டுக்காரி.

"ஆடுன்னு எனக்கும் தெரியுது. வெள்ளாடு எங்க?"

"தாள்ல ஆடு நாப்பதுன்னுதான் இருந்துச்சு. எண்ணிக்கோங்க."

உடனே அலுவலகத்துக்குப் போன் போட்டு எழுத்தரைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவர் பொறுமையாகக் கோப்பை எடுத்து வாசித்தார். "'ஆடுகள் – நாற்பது.' அவ்வளவுதான் மேடம் இருக்கு. கீழ கையெழுத்து உங்களுது." போனை வைத்தாள். மனதுக்குள் வெள்ளாடு, வெள்ளாடு என்று பத்து நாள் ஜபித்துவிட்டுத் தாளில் வெறும் ஆடு என்று எழுதிய அந்தக் கையை என்ன செய்வது? இதற்கு யாரைப் போய்த் திட்டுவது?

ஆட்டை விட்டுப் புதரை அழிக்கலாம் என்று கூட்டத்தில் அவள் சொன்னபோது சிரிக்காத ஆள் இல்லை. பொறியாளர் மட்டும் சிரிக்காமல், "வெள்ளிக்கிழமை மதியம் வந்து பாப்பேன். புதர் அப்படியே இருந்தா அங்கயே மருந்தடிச்சிடுவோம்," என்றார். மருந்தடிக்கிற ஆள் அந்த அலுவலகத்தில் ஒருவர்தான். அவளுடைய வீட்டுக்காரர். இருபத்திரண்டு வருஷமாகக் களைக்கொல்லி டேங்க்கை முதுகில் சுமந்து, இப்போது மாடிப்படி ஏறினாலே பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். இனி அந்தப் புகை மூக்கில் ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறார். கேட்டால், "அதைக் கொடுத்தா என்னை ஆபீஸ் கேட்டுல நாற்காலி போட்டு உட்கார வைப்பான். நான் என்ன பொம்மையா?" என்பார். அந்த வீம்புக்காரருக்காகத்தான் இத்தனை ஆடும் என்பது கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

புதன்கிழமைக்குள் செம்மறிகள் சரிவை மழித்துவிட்டன, புல்லை மட்டும். சுற்றிலும் தரை வெறிச்சென்று ஆனதும் புதர் முன்னைவிட உயரமாக, திமிராகத் தெரிந்தது. எரிச்சலோடு வீட்டுக்கு வந்தால், வாசல் குழாயடியில் இவர் உட்கார்ந்து டேங்க்கின் தெளிப்பு மூக்கை அடைப்பெடுக்க ஊசியால் குத்திக்கொண்டிருந்தார்.

"உன் ஆளுங்க எப்படி? ஓவர்டைம் பாக்குறாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அது அடங்கச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. உள்ளே போனாள்.

வியாழக்கிழமை காலையில் ஆட்டுக்காரி மெல்ல வாயைத் திறந்தாள். "வெள்ளாடு என் நாத்தனார்கிட்ட இருக்கு. முப்பது உருப்படி."

"அடிப்பாவி! இதைத் திங்கக்கிழமையே சொல்றதுக்கென்ன?"

"நானும் அவளும் பேசி மூணு வருஷமாச்சு."

கடைசியில் மேற்பார்வையாளரே போனைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். "நான் கெஞ்சினேன்னு நினைக்க வேணாம்னு சொல்லுங்க," என்றாள் ஆட்டுக்காரி. "அவ முகத்துல முழிக்க மாட்டேன்னு சொல்லுங்க," என்றாள் போனில் நாத்தனார். "அம்மா தாயே, ரெண்டு பேரும் முழிக்க வேணாம், ஆடுங்க முழிச்சா போதும்," என்று கத்தியதில் மேய்ந்துகொண்டிருந்த செம்மறிகள் தலை நிமிர்ந்தன.

வெள்ளி விடிந்ததும் வெள்ளாடுகள் வந்தன. நாத்தனார்க்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டே ஓட்டி வந்து, மேல்கரையில் முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஆடுகளுக்கு அந்தப் பகையெல்லாம் இல்லை. இறங்கிய வேகத்தில் புதருக்குள் புகுந்தன. முள் ஒடிகிற சத்தமும் மெல்லுகிற சத்தமும்தான். ஆனால் பதினொரு மணிக்கும் பாதிப் புதர் நின்றது. உச்சிக்கிளைகள் அவற்றுக்கு எட்டவில்லை. ஐந்து நாள் வேலையை அரை நாளில் தின்னு என்றால் அவைதான் என்ன செய்யும்?

பன்னிரண்டுக்கு அவர் வந்தார். முதுகில் டேங்க், கழுத்தில் முகமூடி.

"யாரைக் கேட்டு வந்தீங்க? இன்னும் நேரம் இருக்கு. போங்க வீட்டுக்கு!"

"ஆர்டர் போட்டிருக்காங்க. வந்துதானே ஆகணும்," என்றபடி டேங்க்கைச் சரிவில் இறக்கிவைத்துவிட்டுப் புதர்ப்பக்கம் நடந்தார்.

இறக்கிவைத்த லட்சணத்தைப் பார்! ஒரு ஆடு முட்டினால் போதும், மருந்தெல்லாம் கால்வாயில். பதினாறு லிட்டர் கனத்துக்குத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டு வாரைப் பிடித்துத் தூக்கினாள். கை விருட்டென்று மேலே போனது. ஆட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு சொட்டுச் சத்தம் இல்லை.

மேலே சாலையில் பொறியாளரின் ஜீப் வந்து நின்றது.

கீழே வீட்டுக்காரர் உயரக்கிளை ஒன்றை எட்டிப் பிடித்து, இருமிக்கொண்டே கீழே வளைத்தார். இரண்டு ஆடுகள் ஓடிவந்தன.

"வெறும் டேங்க்கைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு என்ன நிக்கிற?" என்றார் திரும்பாமல். "வந்து அந்தக் கிளையப் பிடி."