கவுஸ் கடை மெஷினின் அசல் வேகம்

1
இந்தக் கதை எனக்குப் பீடோங் பாசாரில் மீன் வாங்கும்போது கிடைத்தது. மீனை அப்படியே வீட்டில் கொடுத்துவிட்டேன். கதையைக் கொஞ்சம் ஊதியிருக்கிறேன். [கொஞ்சம் என்பதும் ஊதியதுதான்.]

முதலில் எழுதிய தொடக்கம்: 'கோலா கெத்திலில் இடியும் மழையுமாக இருந்த ஒரு...' வேண்டாம். மழை இல்லாமலேயே நம் ஆள் நடுங்கப்போகிறார்.

2
திவாகரன் சிப் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கு முன், கவுஸ் கோப்பிக்கடையில் இருந்த விண்கல விளையாட்டு மெஷினில் அவரும் நவமணியும் பந்தயம் கட்டினார்கள்: ஜெயிப்பவர் ஊரில் குடித்தனம். ஜெயித்தது நவமணி. திவாகரன் கோத்தா கோலா மூடாவையும் கடலையும் விட்டுக் கோலா கெத்திலுக்கு வந்தார். [அதன்பின் அவர் பார்த்ததெல்லாம் குழாய்த் தண்ணீர்தான் என்று எழுதியிருந்தேன். இங்கே ஓர் ஆறு இருப்பதை மறந்துவிட்டேன். இருக்கட்டும்.]

இப்போது அந்தக் கடலோரத்தில் திவாகரனின் அண்ணன் வீடு காலி. மனிதருக்கு மறுபந்தயம் வேண்டும். பழைய மெஷினோ இரும்புக்கடைக்குப் போய்விட்டது.

அவரே செய்தார். உள்ளிருக்கும் இணைப்புகளை நாம் எழுதுகிறபடி மாற்றிக்கொள்ளும் சிப் ஒன்று உண்டு. அந்த விளையாட்டை முதலில் செய்த ஜப்பான் கம்பெனியின் வரைபடத்தைப் பார்த்து, பழைய மெஷினின் ஒவ்வொரு பாகத்தையும் அதற்குள் எழுதினார். ஒரு துடிப்புகூடப் பிசகவில்லை. மனைவிக்குத் தெரியாமல் அதில் பழகியும் வைத்திருந்தார்.

3
நவமணி உட்கார்ந்தார். தும்மி முடிப்பதற்குள் எல்லாக் கப்பலும் போச்சு.

"இது அந்த மெஷின் இல்லைங்க."

"அதேதான் லா. உனக்கு வயசாயிடுச்சு."

"நீங்க மட்டும் பால்குடியா? இது வெறி பிடிச்ச மாதிரி ஓடுது. கவுஸ் அண்ணனுக்குப் போன் போடுங்க."

கவுஸ் சிரித்த சிரிப்பு தாய்லாந்து எல்லைவரை கேட்டது.

"ஒரிஜினலா? என் கடையிலயா? அது சிப்லாக் சாமான், தம்பி! எவனோ பார்த்துச் செஞ்ச நகல். சூடாகி நின்னுடும்னு வேகத்தைக் கொறச்சு வச்சுக் குடுத்தான். இந்தப் பக்கம் எல்லாக் கடையிலயும் அதுதான்."

திவாகரன் போனை வைத்தார். ஊரே நகலில் விளையாடியிருக்கிறது. அவர், இங்கே யாருமே கண்டிராத அசலைக் கட்டி வைத்துக்கொண்டு, 'அதேதான்' என்று சத்தியம் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

4
முடிவு அ: வேகத்தைக் குறைக்கிறார், நவமணி ஜெயிக்கிறார். சப்பென்று இருக்கிறது.

முடிவு ஆ: குறைத்ததாகப் பொய் சொல்லிவிட்டு அவர்... சே, அந்த அளவுக்கு மோசமான ஆள் இல்லை.

உண்மையில் அவர் குறைக்கத்தான் போனார். ஓர் எண்ணை மாற்றினால் போதும். நவமணி கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்தாதீங்க. அசல் வேகத்துலயே ஆடுறேன்."

"தோத்துடுவ, மணி."

"தோத்தா பெட்டியக் கட்டிக்கிட்டு வர்றேன். மெதுவா ஓடுன மெஷின்ல ஜெயிச்சவதானேன்னு நாளைக்கு நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

இத்தனை வருஷமாகக் கேட்டது கைக்கு வந்துவிட்டது. திவாகரன் முகமோ பேயறைந்தது போலிருந்தது. அவர் விளையாட்டைத் தொடங்கி, வேண்டுமென்றே தன் கப்பலை...

இல்லை. விட்டுக்கொடுத்தால் அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் கடலும் இல்லை, கெத்திலும் இல்லை, சோறும் இல்லை.

பொத்தானுக்கு மேல் அவர் விரல் நிற்கிறது.

"என்னங்க, அமுக்கலையா?"

அவர் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.