தானாகத் திறந்த பதினோராம் பாடம்

“பூட்டி வச்சிட்டா யாருக்கும் தெரியாதா?”

“தெரியாதும்மா. தேதி வந்தாத்தான் திறக்கும்.”

“நீ எட்டிப் பார்க்க மாட்டியே?”

“எனக்கு நாற்பது வகுப்பு இருக்கும்மா. தேதி இருக்கான்னு பார்ப்பேன், பூட்டு இருக்கான்னு பார்ப்பேன். உள்ள நீ சட்டை தைக்கிறியா, சண்டை போடுறியான்னு பார்க்க எனக்கு எங்க நேரம்?”

மூன்று மாதத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் நடந்த பேச்சு இது. சொன்ன மகள் தட்டைக் கழுவி வைப்பதற்குள் மறந்துவிட்டாள். கேட்டுக்கொண்ட அம்மா மறக்கவில்லை. 

அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் தையல்காரம்மா. வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, கழுத்தில் எப்போதும் தொங்கும் டேப். மகள் ஆன்லைன் பயிற்சி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள், அதுவும் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டே. எந்தப் பாடம் எந்த நாளில் யார் கண்ணில் படலாம் என்று முடிவு செய்து பூட்டுவதும் திறப்பதும்தான் அவள் உத்தியோகம். மாணவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘பூட்டுக்கார அக்கா’.

இரண்டு வருஷத்துக்கு முன் அவள்தான் அம்மாவையும் இதில் இழுத்துவிட்டாள். ‘பத்துப் பாடத்தில் ஒரு சட்டை’ என்று வகுப்பின் பெயர். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பாடம் திறக்கும். அதற்கு ஒரு நிமிஷம் முன்னால்கூட யார் தட்டினாலும் திறக்காது. முதல் தடவை அப்படிப் பூட்டவில்லை. ஒரு மாணவி நேராகக் கடைசிப் பாடத்துக்குத் தாவி, துணியை வெட்டும் முன்பே பொத்தானுக்கு ஒன்பது காஜா போட்டுப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். சட்டை இல்லை, காஜா மட்டும் வரிசையாக இருந்தது. அன்றிலிருந்து பூட்டு வந்துவிட்டது.

அந்த முதல் தடவையில்தான் கண்ணாடிக்காரரும் சேர்ந்தார். இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர். வயது ஐம்பத்தைந்து. கடையில் வாங்கும் எந்தச் சட்டையும் அவர் மணிக்கட்டை எட்டுவதில்லை, அவ்வளவு நீளமான கைகள். வகுப்பில் எல்லோரும் பார்க்கும் அளவுப் பட்டியலில் கையளவு இருபத்தேழு அங்குலம் என்று எழுதினார். ‘டேப்பைத் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள்’ என்று தையல்காரம்மா பதில் போட்டார். ‘இல்லை’ என்றார் அவர். ‘மனுஷனுக்கு அப்படி இருக்காது’ என்றார் இவர். ‘நேரில் வந்து பாருங்கள்’ என்றார் அவர். இவரும் டேப்பை எடுத்துக்கொண்டு போனார். அளந்தார். இருபத்தேழு. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை அளந்தார். மூன்றாவது தடவை அளந்தபோது, அது சந்தேகத்துக்காக இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது.

கண்ணாடிக்காரர் இப்போது அதே வகுப்பில் மூன்றாவது தடவையாகச் சேர்ந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஆறாம் பாடத்தில், அதாவது காலரில், தேங்கி நின்றுவிடுவார். மகளின் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே சிவப்பு. “உன் வகுப்புல அந்தக் காலர் மண்டு மறுபடியும் சேர்ந்திருக்கும்மா” என்று சிரிப்பாள். அம்மா ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாகிவிடுவார்.

இரண்டு மாதத்துக்கு முன் கண்ணாடிக்காரர் கேட்டேவிட்டார். “நாம கல்யாணம் பண்ணிக்கலாமா? உங்க பொண்ணுகிட்ட நான் வந்து பேசட்டுமா?”

“நீங்க வேணாம். நானே கேக்கறேன்” என்றார் தையல்காரம்மா, பெரிய தைரியசாலி போல.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வாய் வரைக்கும் வரும், டீயோடு சேர்த்து விழுங்கிவிடுவார். அப்பா இறந்தபோது மகளுக்குப் பதினைந்து வயது. அம்மாவின் மடியில் தலை வைத்து, “நாம ரெண்டு பேர் போதும்மா. வேற யாரும் வேணாம்” என்றாள். அம்மாவும் சரி என்றார். பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், இரண்டு சாவி. மூன்றாவதாக ஒருவருக்கு இடம் கேட்டால் மகள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தாலே மெஷின் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வியாழக்கிழமை காலை மகள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்தாள். தையல்காரம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. பாடம் எடுக்கும்போது தடுமாறினால் மகள் சொல்லிக்கொடுத்த வழி ஒன்றுதான்: கேமரா முன்னால் பேசிப் பார், பிறகு ஓட்டிப் பார், நாக்கு பழகிவிடும். சரி, இதையும் அப்படியே பழகினால் என்ன? போனை மெஷின்மேல் சாய்த்து வைத்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, “கண்ணு, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்று ஆரம்பித்தார். ஆறு நிமிஷம் பேசினார். நடுவில் கொஞ்சம் அழுகையும் வந்தது.

சேமிக்கப் போனால், போனில் இடம் இல்லை என்றது. முழுக்கக் காலரும் கைமுனைக் கஃப்புமாகப் பாட வீடியோக்கள்தான் அடைத்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் அந்தப் பழைய பேச்சு நினைவுக்கு வந்தது. பூட்டி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது! வகுப்புக்குள் போய்ப் பதினோராம் பாடம் என்று புதிதாக ஒன்றை உண்டாக்கி, அதில் ஏற்றினார். திறக்கும் தேதி கேட்டது. நடப்பது செப்டம்பர், எட்டாத தூரத்தில் இருக்கட்டும் என்று டிசம்பர் நாலு போட்டார். முதல் கட்டத்தில் நாலு, அடுத்த கட்டத்தில் பன்னிரண்டு. மனுஷர் எல்லோரும் நாளை எழுதிவிட்டுத்தானே மாதத்தை எழுதுவார்கள்?

அந்தத் தளம் மாதத்தைத்தான் முதலில் படிக்கும். அது ஏப்ரல் பன்னிரண்டு என்று எடுத்துக்கொண்டது. ஏப்ரல் போய் ஐந்து மாதம் ஆகிறதே, தேதி கடந்த பாடத்துக்குப் பூட்டு எதற்கு? கதவை அகலத் திறந்து, ‘உங்களுக்குப் புதிய பாடம் காத்திருக்கிறது’ என்று நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் செய்தி அனுப்பிவிட்டது.

அரை மணி நேரம் கழித்து முதல் ‘டிங்’ வந்தது. தையல்காரம்மா காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ஒரு கண்ணால் பார்த்தார்.

‘டீச்சர், இந்தப் பாடத்துக்கு எத்தனை மீட்டர் துணி வேண்டும்?’

எந்தப் பாடத்துக்கு? இன்னொரு டிங்.

‘நான் ஒரு நர்ஸ், டியூட்டியில் இருந்து பார்த்தேன். நாலாவது நிமிஷத்தில் நீங்கள் அழும்போது நானும் அழுதேன். பேஷண்ட் பயந்துவிட்டார்.’

டிங். ‘வீட்டுப்பாடம் உண்டா?’

டிங். ‘மாப்பிள்ளை நம்ம வகுப்புதானே? இருபத்தேழு அங்குலமா?’

டிங். ‘பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா டீச்சர்? பூட்டுக்கார அக்கா என்ன சொன்னாங்க?’

கருகிய வாசனை வந்தபிறகுதான் இஸ்திரிப் பெட்டி காலர்மேலேயே நிற்பது தெரிந்தது. அதைத் தூக்கி நிறுத்துவதற்குள் போன் அடித்தது. கண்ணாடிக்காரர்.

“பார்த்துட்டீங்களா?” என்றார் தையல்காரம்மா, ஹலோ சொல்லக்கூடத் தோன்றாமல்.

“முதல்ல கண்ணாடி இல்லாமப் பார்த்தேன். நம்ப முடியல. அப்புறம் கண்ணாடி போட்டுக்கிட்டு இன்னொரு தடவை பார்த்தேன்.”

“ஐயையோ!”

“என்னைப் பத்தி ‘தங்கமான மனுஷன், காலர்தான் வராது’ன்னு சொல்றீங்க.”

“பொய்யா?”

“காலர் எனக்கு எப்பவோ வந்துடுச்சு டீச்சர். மூணாவது தடவை நான் காலருக்காகவா சேர்ந்தேன்?”

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. பக்கத்து அறைக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று வெட்டி வைத்திருந்த முதுகுத் துணியை எடுத்து வாயில் அமுக்கிக்கொண்டார். சிரிப்பு நிற்க மாட்டேன் என்கிறது. ஊரே பார்த்துவிட்டது, வெட்கத்தில் சுருண்டு போக வேண்டிய நேரத்தில் இப்படியா சிரிப்பு வரும்!

“பொண்ணு பார்த்தாச்சா?” என்றார் அவர்.

“இல்ல. மீட்டிங்ல இருக்கா. அவ பார்க்கறதுக்குள்ள இதைப் பூட்டணும்.”

“நான் கிளம்பி வரட்டுமா?”

“வந்தீங்கன்னா இருபத்தேழை இருபத்து நாலாக்கிடுவேன், சொல்லிட்டேன்!”

போனை வைத்துவிட்டு வகுப்பைத் திறந்தார். பூட்டும் இடம் எங்கே? ‘முந்தையதை முடித்தால் மட்டும் திற’ என்று ஒரு வரி இருந்தது. பூட்டு மாதிரி ஒரு சின்னப் படமும் பக்கத்தில் இருந்தது. அழுத்தினார். எந்தப் பாடம் என்று கேட்டது. பதினொன்று என்றார். எதற்கு முன்னால் என்று கேட்டது. விரல் எங்கே பட்டதோ, ஆறு என்று விழுந்துவிட்டது. ‘மாற்றம் சேமிக்கப்பட்டது.’

அப்பாடா என்று மூச்சு விட்டார். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் அடுத்த டிங்.

‘டீச்சர், காலர் பாடத்துக்குள் போக முடியவில்லை. முதலில் பதினோராம் பாடத்தை முழுவதும் பார்க்க வேண்டும் என்கிறது. எனக்கு ஆட்சேபம் இல்லை, மறுபடியும் பார்க்கிறேன்.’

இனிமேல் அவருடைய கல்யாணச் சேதியை ஆறு நிமிஷம் கேட்காமல் உலகத்தில் ஒருவரும் காலர் தைக்க முடியாது!

பக்கத்து அறையில் நாற்காலி நகர்ந்தது. காதில் இருந்ததைக் கழுத்தில் தள்ளிக்கொண்டு, லேப்டாப்பை ஒரு கையில் ஏந்தியபடி மகள் வந்து நின்றாள்.

“அம்மா, உன் வகுப்புல என்னதான் நடக்குது? புகார்ப் பெட்டிக்குப் பதினேழு வந்திருக்கு. ஒருத்தர்தான் ஒழுங்கா ஆறாம் பாடம் திறக்கலன்னு எழுதியிருக்கார். பதினஞ்சு பேர் ‘அக்கா, சரின்னு சொல்லிடுங்க’ன்னு எழுதியிருக்காங்க. நான் எதுக்குச் சரின்னு சொல்லணும்?”

“அது… துணி விஷயம்.”

“என்ன துணி?”

“கலர்.”

“எந்தக் கலருக்கும்மா நான் சம்மதம் சொல்லணும்?” மகள் லேப்டாப்பை வெட்டு மேசைமேல் வைத்தாள். “அதுவும் பதினோராம் பாடம்னு ஒண்ணு இருக்கே, அது எங்கிருந்து வந்தது? தேதியைப் பாரு, ஏப்ரலாம். மாசம் முதல்லன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! இன்னும் கேளு, அந்தக் காலர் மண்டுகூட எழுதியிருக்கார். ‘தயவுசெய்து டீச்சரைத் திட்டாதீங்க’ன்னு. மண்டுவுக்கு எதுக்கு இந்த…”

“மண்டுன்னு சொல்லாதே!”

குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று தையல்காரம்மாவே எதிர்பார்க்கவில்லை. மகள் நிமிர்ந்தாள். கருகிய காலரைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் திருட்டு முழியும் சிரிப்பும் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன.

“ஏன் சொல்லக் கூடாது?” என்றாள் மெதுவாக.

 மகளின் விரல் பதினோராம் பாடத்தின்மேல் போய் நின்றது. அழுத்தினால் போதும். ஆறு நிமிஷப் பேச்சு, தடுமாற்றம் இல்லாதது, அழ வேண்டிய இடத்தில் அழுகிற பேச்சு. தையல்காரம்மா வாயைத் திறக்கவே வேண்டாம், போய் டீ போட்டுவிட்டு வரலாம்.

ஆனால் நூற்று நாற்பத்து மூன்று பேர் அதைத் திரையில் கேட்டுவிட்டார்கள். பெற்ற மகளும் நூற்று நாற்பத்து நாலாவது ஆளாகத் திரையில்தான் கேட்க வேண்டுமா?

தையல்காரம்மா லேப்டாப்பின் மூடியைப் பட்டென்று சாத்தினார். மகள் விரலை இழுத்துக்கொண்டாள்.

“அம்மா! நசுங்கியிருக்கும்!”

“உக்காரு.”

“எனக்குப் பதினொன்றரைக்கு இன்னொரு மீட்டிங்…”

“உக்காருடி.”

மகள் மெஷின் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். தையல்காரம்மா எதிரே நின்றார். ‘கண்ணு, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்’ என்பதில் தொடங்கி அத்தனை வரியும் காலையில் தண்ணீர் பட்டபாடாக இருந்தன. இப்போது ஒன்றுகூட நினைவில் இல்லை. டேப்பின் நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடியும் சுற்றினார்.

“நாம ரெண்டு பேர் போதும்னு நீ சொன்னே. நானும் சரின்னு சொன்னேன்.”

“எப்பம்மா?”

“உனக்குப் பதினஞ்சு வயசுல.”

“அதையா இன்னும் பிடிச்சு வச்சிருக்கே?” மகளின் குரல் இறங்கிவிட்டது. “அம்மா… என்னன்னு சொல்லு. எனக்குப் பயமா இருக்கு. உடம்புக்கு ஏதாவதா?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கேன். ரொம்ப நல்லா இருக்கேன். அதான் விஷயமே.”

மேசைமேல் போன் ‘டிங்’ என்றது. இன்னொரு ‘டிங்’. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தையல்காரம்மாவுக்குக் காது மடல்வரை சூடு ஏறியது. கேள்வி வாய் வரைக்கும் வந்தது. இந்தத் தடவை அதை விழுங்கவில்லை. மகளின் இரண்டு கன்னத்தையும் சுண்ணாம்புக்கட்டித் தூள் ஒட்டிய கைகளால் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“எனக்கு அந்தக் கண்ணாடிக்காரரைக் கல்யாணம் பண்ணி வைக்கிறியாடி?”