கூப்பிட்டால் நிற்கும்

1947-ஆம் வருஷம் மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்துக்குக் கிளம்பிய புகைக்கப்பல் அனேமூசா தீவிலிருந்து முந்நூறு கஜ தூரத்தில் நாற்பது நிமிஷம் அசையாமல் நின்றது. இயந்திரம் முழு வேகத்தில் ஓடியது. பின்னால் நுரைகூடப் பொங்கியது. கப்பல் மட்டும் நகரவில்லை. பாறைமேல் உட்கார்ந்து கப்பலையே பார்த்துக்கொண்டிருந்த ஏழு வயது மகளை, அவள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டதுதான் காரணம். "ஸ்தமாதா!" என்றாள் அம்மா. மகள் ஏதோ கோபத்தில் இருந்தாள்; பதில் சொல்லவில்லை. நாற்பது நிமிஷம் கழித்துப் பசி தாங்காமல் "வந்துட்டேன்" என்றாள். கப்பலும் புறப்பட்டது.

எங்கள் தீவுகளில் வரிசையாகப் பெண்ணாகவே பிறந்தால், இது போதும் என்று தோன்றுகிற பெண்ணுக்கு ஸ்தமாதா என்று பெயர் வைப்பார்கள். 'நிறுத்து' என்று அர்த்தம். கடவுளுக்குப் போடும் மனு அது. துறையில் கப்பல் வடத்தைப் பிடித்துக் கட்டும் லெஃப்தேரிஸுக்கு இவள் ஐந்தாவது பெண். மனு மேலே எங்கோ இடம் மாறிவிட்டது. ஆறாவதும் பெண்ணாகவே பிறந்தது. நின்றதெல்லாம், பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது ஸ்தமாதா எதைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ அதுதான். அவள் பதில் சொல்லும்வரை நிற்கும். இரண்டு கழுதைகளும் ஒரு காற்றாலையும் நின்றன. ஊர்த்தலைவரின் பேச்சு ஒருமுறை நடுவில் நின்றது. அதை மட்டும் யாரும் குறையாகச் சொல்லவில்லை. பிறகு ஊர் கூடி, இனி அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்தது. அன்றிலிருந்து அவள் 'அஞ்சாவது'. 1962-இல் அவள் கல்யாணத்தின்போது பாதிரியார் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. மணப்பெண் கண்களை இறுக மூடிக்கொண்டாள். கல்யாணம் தடையில்லாமல் நடந்தது.

அப்பா இறந்தபின் வடம் பிடிக்கும் வேலை அவளுக்கு வந்தது. கப்பல் பின்பக்கமாக வந்து பலகையை இறக்கும். மாலுமி கயிற்றை வீசுவான். அதைப் பிடித்து, அதோடு வரும் தொடை கனத்த வடத்தை இழுத்து, இரும்புக் குற்றியில் மாட்டுவாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வீச்சைக்கூட அவள் தவறவிட்டதில்லை. எங்கள் துறை வடக்கே வாய் திறந்து கிடக்கிறது. வாடைக்காற்றின் வேக அளவு ஆறு என்றால் துணி காயப்போடுவோம், ஏழு என்றால் எடுத்துவிடுவோம், எட்டு என்றால் கப்பல் உள்ளே வராது. 1989 வசந்தத்தில் கப்பல் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: ஒரே வருஷத்தில் பத்து முறை துறைக்கு வர முடியாமல் போனால் அனேமூசா பயணப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். ஊர்த்தலைவர் தயங்கித் தயங்கி ஸ்தமாதாவிடம் போனார். அவள் மோவாயை மேலே தூக்கி உச்சுக் கொட்டினாள். எங்கள் ஊரில் அது 'முடியாது'; அதற்கு மறுபேச்சு கிடையாது.

"அப்பன் வெறுத்துப்போய் வச்ச பேரு. அதை வச்சு ஊர் பிழைக்க வேணாம்" என்றாள்.

ஜூலையில் ஏதென்ஸிலிருந்து மகள் இரீனி, காப்பிக்கடைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். மாதாவின் திருநாளுக்கு வருகிறேன், நம் தேவாலயத்திலேயே குழந்தைக்கு ஞானஸ்நானம், வழக்கப்படி பாட்டி பெயர்தான் என்றாள்.

"வேணாம்டி. அது பேரு இல்ல, திட்டு. என்னோட போகட்டும்."

"அம்மா, உன்ன மாதிரி ஒருத்தி எனக்கு வேணும். அவ்ளோதான்."

ஆகஸ்ட் பதினான்கு காலை வாடை எட்டு அடித்தது. அதுவரை ஒன்பது முறை தவறியிருந்தது. ஊருக்கு வரும் முந்நூற்றுப் பத்துப் பேரோடு 'கலியோப்பி' கப்பல் துறைமுனைவரை வந்தது. கேப்டன் ஸானிஸ் மேல்தட்டில் நின்று மோவாயைத் தூக்கினார். ஒரு நீண்ட சங்கு. கப்பல் திரும்பத் தொடங்கியது. தட்டின் ஓரத்தில் இரீனி குழந்தையைத் தூக்கிக் காட்டுவது கரையிலிருந்து தெரிந்தது.

ஸ்தமாதா, காப்பிக்கடைக்காரர் பாந்தெலிஸிடம் திரும்பினாள். "கூப்பிடுய்யா."

"யாரை?"

"என்னைத்தான். பேரைச் சொல்லி."

"நாப்பது வருஷமா சொன்னதில்லையே அஞ்சாவது, நாக்கு சுளுக்கிக்கும்."

"சுளுக்கட்டும். ஆனா திட்டுற மாதிரி கூப்பிடாதே. ஊருக்கு வர்ற ஆளைக் கூப்பிடுற மாதிரி கூப்பிடு."

கப்பலைப் பார்த்தால் கப்பல் நின்றுவிடும். அதனால் மகளுக்கு முதுகைக் காட்டி வடக்கே திரும்பினாள். கடல்மேல் கறுப்பாக ஓடிவரும் வாடையை நேருக்கு நேர் பார்த்தாள். பாந்தெலிஸின் குரல் முதல் தடவை உடைந்தது. இரண்டாம் தடவை துறையில் நின்ற இருநூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பெயர் அவ்வளவு அழகானது என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

காற்று நின்றது. பறந்துபோன பாந்தெலிஸின் தொப்பி அவர் தலைக்கு ஒரு சாண் மேலே நின்றது. கலியோப்பி திரும்பி வந்து பலகையை இறக்கியது. வடத்தைப் பாந்தெலிஸ் பிடித்தார், மூன்றாவது வீச்சில். முந்நூற்றுப் பத்துப் பேரும் பெட்டிகளும் ஒரு குளிர்பெட்டியும் இறங்க அரைமணி ஆனது. இரீனி ஓடிவந்து பக்கத்தில் நின்று "அம்மா" என்றாள். பதில் இல்லை. "அம்மா, பாப்பாவைப் பாரேன்." ஸ்தமாதா உதட்டைக் கடித்துக்கொண்டு கடலையே பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது; தலை திரும்பவில்லை. கப்பல் வடத்தை அவிழ்த்து, முனையைத் தாண்டி, ஆழ்கடலைப் பிடித்த பிறகுதான் அவள் உரக்கச் சொன்னாள்: "வந்துட்டேன்!"

வாடை விட்ட இடத்திலிருந்து அடித்தது. தொப்பி கடலுக்குப் போனது. அவள் திரும்பிப் பேத்தியை வாங்கிக்கொண்டாள். கடிதம் எழுதிய கம்பெனி மறு வருஷம் அச்சிட்ட பயண அட்டவணையில் எங்கள் தீவுக்கு நேரே ஒரு சிறு குறிப்பு சேர்ந்தது: 'அனேமூசா: காற்று எட்டு. கூப்பிட்டால் நிற்கும்.'

திருநாளுக்கு மறுநாள், கூட்டம் கொள்ளாததால் தேவாலய முற்றத்திலேயே ஞானஸ்நானம் நடந்தது. பாதிரியார் "ஸ்தமாதா" என்று முழங்கியபோது குழந்தையின் கண்களைப் பொத்த யாருக்கும் தோன்றவில்லை. அது மேலே பார்த்துக்கொண்டிருந்தது. ஆடிக்கொண்டிருந்த பெரிய மணி பாதியில் சாய்ந்தபடி நின்றுவிட்டது. குழந்தைக்குப் பேச்சு வர ஒரு வருஷமாவது ஆகும் என்றார்கள். காத்திருந்தோம். சாய்ந்த மணிக்குள் தகைவிலான் குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் போனது. பதினான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, பூசை நடுவில், குழந்தை தெளிவாக "வந்துட்டேன்" என்றது. மணி மீதி ஓசையை அடித்து முடித்தது. நாங்கள் சிலுவை போட்டுக்கொண்டு பாட்டைத் தொடர்ந்தோம்.